24 காசுகளில் ரஷ்ய அரியணை

ரஷ்ய ஆட்சியாளர்களை ஆளுக்கு ஒரு காசு என்று வரிசையாகச் சேர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முகம் பொறித்த வெள்ளி ரூபிளில்தான் முதலில் கை வைக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், பெயரும் தெளிவாக இருக்கும். ஆனால் அந்த வழியில் போனால் வரிசை முடியவே முடியாது. மகா பீட்டருக்கு முந்தைய ஜார்களின் முகம் புழக்கக் காசில் இல்லை. 1796இல் அரியணை ஏறிய பாவெல் புழக்கக் காசில் தன் முகத்தைப் போடவில்லை. 1886இல் மூன்றாம் அலெக்சாந்தர் அந்த வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவரும் வரை, 90 ஆண்டுகள், சாதாரண ரூபிளில் கழுகும் எழுத்தும்தான். நான்கு ஆட்சிகள் அப்படியே விடுபட்டுப்போகும். போதாக்குறைக்கு, பீட்டர், கேத்தரின் காலத்து முக ரூபிள்களுக்குச் சந்தையில் போலிகள் ஏராளம்.

ஆகவே செம்பிலும் சின்ன வெள்ளியிலும் இந்த வரிசையைக் கட்டுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. செலவு பல மடங்கு குறையும், போலியின் தொல்லையும் குறையும். வரிசையும் இவான் முதல் நிக்கோலஸ் வரை அறாமல் வரும்.

ஒரு காசு வாங்குவதற்கு முன்பே ஒரு விதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இது இன்னாருடைய காசு என்று காசே சாட்சி சொல்ல வேண்டும். விற்பவர் எழுதிய அட்டை சாட்சி ஆகாது. காசு மூன்று வகையில் சாட்சி சொல்லும். ஆட்சியாளரின் பெயர் வாசிக்கும்படி இருக்கலாம். பெயரின் முதலெழுத்தைக் கிரீடத்தோடு பின்னிய மோனோகிராம் இருக்கலாம். இரண்டும் இல்லையென்றால், காசில் உள்ள ஆண்டு முழுக்க முழுக்க ஒரே ஆட்சிக்குள் விழ வேண்டும். 1725, 1727, 1730, 1740, 1741, 1762, 1796, 1801, 1825, 1855, 1881, 1894 ஆகியவை ஆள் மாறிய ஆண்டுகள். பெயரோ மோனோகிராமோ இல்லாமல் அந்த ஆண்டுகள் பொறித்த காசை வாங்கினால் அது யாருடையது என்று பெரும்பாலும் சொல்ல முடியாது.

இடங்களை எண்ணிவிடலாம். நான்காம் இவான், ஃபியோதர், போரிஸ் கொதுனோவ், போலி திமித்ரி (இவானின் மகன் என்று சொல்லி அரியணை ஏறியவர்), வசீலி ஷூய்ஸ்கி, விளாதிஸ்லாவ், மிகயீல், அலெக்சேய், மூன்றாம் ஃபியோதர், ஐந்தாம் இவான் என்று பத்துப் பேர். அதன் பிறகு பீட்டர், முதலாம் கேத்தரின், இரண்டாம் பீட்டர், அன்னா, ஆறாம் இவான், எலிசபெத், மூன்றாம் பீட்டர், இரண்டாம் கேத்தரின், பாவெல், முதலாம் அலெக்சாந்தர், முதலாம் நிக்கோலஸ், இரண்டாம் அலெக்சாந்தர், மூன்றாம் அலெக்சாந்தர், இரண்டாம் நிக்கோலஸ். மொத்தம் 24. போரிஸின் மகன் ஃபியோதர் கொதுனோவ் 1605இல் ஏழு வாரம் மட்டும் ஆண்டவர். அவருக்கு இடம் ஒதுக்கினால் அந்தக் குழி காலியாகவே இருக்கும். போலந்து இளவரசர் விளாதிஸ்லாவ் மாஸ்கோவுக்கு வந்து முடிசூடவே இல்லை. ஆனாலும் மாஸ்கோ காசாலை அவர் பெயரில் அடித்தது. காசு சாட்சி சொல்கிறது, ஆகவே இடம் உண்டு.

கம்பியில் வெட்டிய வெள்ளி

முதல் பத்துப் பேருக்கும், பீட்டரின் ஆட்சியில் 1718 வரைக்கும், காசு என்றால் கம்பிக் காசு. வெள்ளிக் கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கி, தட்டையாக்கி, இரண்டு அச்சுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள். அதனால்தான் வட்டமாக இல்லாமல் புளியங்கொட்டை போல நீண்டு, கம்பி வெட்டுப்பட்ட முனைகளோடு இருக்கும். நான்காம் இவானுக்குச் சிறு வயதாக இருந்தபோது, 1535இல், அவர் தாய் எலேனா கிளின்ஸ்காயா செய்த சீர்திருத்தத்தில் இந்த வடிவம் நிலைபெற்றது. ஒரு பக்கம் ஈட்டி ஏந்திய குதிரை வீரன், மறு பக்கம் ஐந்தாறு வரியில் பட்டமும் பெயரும். ரஷ்ய மொழியில் ஈட்டிக்குக் கோபியோ என்று பெயர். கோபெக் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. வீரன் கையில் ஈட்டிக்குப் பதில் வாள் இருந்தால் அது அரைக் கோபெக் மதிப்புள்ள டெங்கா.

1535இன் கணக்குப்படி 204.7 கிராம் எடையுள்ள ஒரு கிரிவென்காவில் 300 கோபெக் அடித்தார்கள். ஆக ஒரு கோபெக் 0.68 கிராம். ஷூய்ஸ்கி வரை ஏறக்குறைய இதே எடை. அரியணைக்குப் போட்டி மூண்ட குழப்பக் காலத்தில் எடை சரிந்தது. மிகயீல் காலத்தில் 0.5 கிராமை ஒட்டி, அலெக்சேய் காலத்தில் 0.46 அளவில், 1698க்குப் பிறகு பீட்டரிடம் 0.28 கிராம். இந்த எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 0.01 கிராம் காட்டும் சிறிய தராசு இல்லாமல் கம்பிக் காசு வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவது போன்றது.

எழுத்தைப் படிக்க ரஷ்ய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஏழெட்டு எழுத்து போதும். பீட்டரின் முதலெழுத்து நம் ‘ப’வைத் தலைகீழாகக் கவிழ்த்தது போல இருக்கும், ஒலியும் ‘ப’தான். ஃபியோதரின் எழுத்து, வட்டத்தின் நடுவே நெட்டாகக் கோடு போட்டது. திமித்ரியின் எழுத்து, இரண்டு கால் வைத்த முக்கோண வீடு. போரிஸின் எழுத்து, 6 என்ற எண்ணின் தலையைத் தட்டையாக்கியது. மிகயீலுக்கும் அலெக்சேய்க்கும் ஆங்கில எம், ஏ போலவே. வசீலிக்கும் விளாதிஸ்லாவுக்கும் வரும் ‘வ’ ஒலி எழுத்து, ஆங்கில பி போலவே இருக்கும். புதிதாகச் சேர்ப்பவர்கள் இதைப் பார்த்துப் போரிஸ் என்று வாங்கிவிடுகிறார்கள். இவானின் முதலெழுத்து அந்தக் கால அச்சில் ஆங்கில ஹெச் போலத் தெரியும். பிற்காலத்தில் நிக்கோலஸின் மோனோகிராமில் அதே வடிவம் ‘ந’ ஒலியாக வரும்.

இன்னொரு குழி இருக்கிறது. தந்தை பெயரை மட்டும் வைத்து ஆளைத் தீர்மானிக்க முடியாது. இவானோவிச் என்று வாசித்தால் அது ஃபியோதராக இருக்கலாம், போலி திமித்ரியாக இருக்கலாம், வசீலியாகவும் இருக்கலாம். ஃபியோதரோவிச் என்பது போரிஸுக்கும் பொருந்தும், மிகயீலுக்கும் பொருந்தும். அலெக்சேயெவிச் மூன்று சகோதரர்களுக்கு: ஃபியோதர், இவான், பீட்டர். அச்சு காசைவிடப் பெரியது என்பதால் எழுத்தின் ஒரு பகுதிதான் காசில் விழும். முதலில் உள்ள ‘ஜாரும் மகா இளவரசரும்’ என்ற பட்டமும், கடைசியில் உள்ள ‘அனைத்து ரஷ்யாவின்’ என்பதும் யாருக்கும் பொதுவானவை. நடுவரிகளில் பெயர் விழுந்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். குதிரை வீரன் பிரமாதமாக இருந்து பெயர் விழாத காசைவிட, குதிரையின் தலை வெட்டுப்பட்டு பெயர் முழுதாக இருக்கும் காசுதான் இந்த வரிசைக்கு வேண்டியது. விலையும் பாதியாக இருக்கும்.

பெயரே ஏமாற்றும் இடமும் உண்டு. 1612இல் போலந்துப் படையை எதிர்த்து யாரோஸ்லாவ்லில் திரண்ட மக்கள் படை, உயிரோடிருந்த எந்த ஜாரின் பெயரையும் போடாமல், 1598இல் இறந்த ஃபியோதர் இவானோவிச்சின் பெயரில் கோபெக் அடித்தது. நவ்கோரதைப் பிடித்து வைத்திருந்த ஸ்வீடன் படையினர், பதவி இழந்த ஷூய்ஸ்கியின் பெயரிலேயே அடித்தார்கள். இரண்டையும் காட்டிக்கொடுப்பது எடைதான். ஃபியோதர் பெயரில் 0.66 அல்லது 0.67 கிராம் இருந்தால் அது அவர் காலத்துக் காசு. 0.5 கிராமை ஒட்டி இருந்து, ஓரம் நறுக்கப்பட்ட அடையாளமும் இல்லையென்றால், மக்கள் படையின் காசாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் ஃபியோதரின் இடத்தில் அதை வைக்கக் கூடாது.

நான்காம் இவானில் இரண்டு வகை உண்டு. 1547இல் முடிசூடும் வரை ‘மகா இளவரசர் இவான்’, அதன் பிறகு ‘ஜார்’. வரிசை ஜார்களின் வரிசை என்றால் இரண்டாவது வகையை எடுங்கள். மிகயீல், அலெக்சேய், பீட்டர் மூவரும் மலிவு. போலி திமித்ரி ஓராண்டுக்கும் கொஞ்சம் குறைவாகவே ஆண்டார். விளாதிஸ்லாவ் பெயரிலும் இரண்டே ஆண்டுதான். இந்த இரண்டும் கம்பிக் காசுகளில் அரியவை, விலையும் ஏறும். போலியும் இங்கேதான் அதிகம். வார்ப்புப் போலியில் எழுத்தின் ஓரம் சோப்புக் கட்டியில் எழுதியது போல மழுங்கியிருக்கும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் மேற்பரப்பில் ஊசிக் குத்து போன்ற துளைகள் தெரியும். அடித்த காசில் எழுத்தின் பக்கச் சுவர் நேராக நிற்கும்.

ஐந்தாம் இவானும் பீட்டரும் 1682 முதல் 1696 வரை கூட்டாக ஆண்டார்கள், ஆனால் ஒரே கோபெக்கில் இருவர் பெயரும் வராது. தனித்தனியாக அடித்தார்கள். இவானுடையது குறைவாகத்தான் கண்ணில் படும். ‘பத்துக் கம்பிக் காசு, கலவை’ என்று விற்கும் பொட்டலங்களில் பத்தில் எட்டொன்பது பீட்டரும் மிகயீலுமாகவே இருக்கும். ஒன்றிரண்டு வாங்கி எழுத்துப் பழகலாம், வரிசையை நிரப்பலாம் என்று நம்ப வேண்டாம்.

பீட்டரின் கம்பிக் கோபெக்கில் 1696 முதல் குதிரைக்குக் கீழே ஆண்டு வருகிறது, எண்ணில் அல்ல, எழுத்தில். பழைய ஸ்லாவிய முறையில் எழுத்துக்கே எண் மதிப்பு உண்டு. க என்றால் ஒன்று, உ என்றால் இரண்டு என்று தமிழ் எண்களைப் படித்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஒன்று கவனிக்க: 1700க்கு முன் உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணினார்கள். 1696 என்பது 7204. ஆயிரத்தை விட்டுவிட்டு 204க்கான எழுத்தை மட்டும் போடுவார்கள்.

அலெக்சேய்க்கு வெள்ளிக்குப் பதில் செம்புக் கோபெக் வைக்கலாம். எனக்கு அதுதான் பிடிக்கும். 1655 முதல் 1663 வரை வெள்ளிக் கோபெக்கின் அதே அச்சு வடிவில், அதே அளவில் செம்பில் அடித்து, இரண்டும் சமம் என்று அறிவித்தார்கள். சம்பளம் செம்பில் கொடுத்து வரியை வெள்ளியில் கேட்டது அரசு. 1662இல் மாஸ்கோவில் செம்புக் கலகம் வெடித்தது. அடுத்த ஆண்டே செம்பைத் திரும்பப் பெற்றார்கள். மண்ணுக்குள் கிடந்து பச்சை ஏறிய அந்தக் காசில் பெயர் தெளிவாக உள்ளது கிடைத்தால் விட வேண்டாம்.

இயந்திரத்தில் அடித்த செம்பு

பீட்டருக்குக் கம்பிக் காசோடு 1704 முதல் 1718 வரை அடித்த வட்டமான செம்புக் கோபெக்கையும் சேர்த்து வைத்தால் அவருடைய ஆட்சியில் நடந்த மாற்றம் ஒரே பார்வையில் தெரியும். அதே குதிரை வீரன். ஆனால் சுற்றிவர ‘ஜார் பீட்டர் அலெக்சேயெவிச்’ என்று முழுப் பெயர். எடை 8.2 கிராம்.

முதலாம் கேத்தரினுக்கு 5 கோபெக் செம்பு. 1723 முதல் 1730 வரை நான்கு ஆட்சிகளில் ஒரே வடிவத்தில் வந்த காசு அது. பெயரும் இல்லை, மோனோகிராமும் இல்லை. 1726 என்று ஆண்டு இருந்தால் மட்டுமே அது கேத்தரினுடையது. 1725உம் 1727உம் பங்கு பிரிந்த ஆண்டுகள். 20.5 கிராம் செம்புக்கு 5 கோபெக் மதிப்பு என்பது உலோக விலையைப் போலப் பல மடங்கு என்பதால், அந்தக் காலத்திலேயே கள்ளக் காசு குவிந்தது. எடை கணிசமாகக் குறைந்து எழுத்துக் கோணலாக இருந்தால் அது அக்காலக் கள்ளக் காசாக இருக்கும். இரண்டாம் பீட்டருக்கு 1728 அல்லது 1729 என்று போட்ட கோபெக். அன்னாவுக்கு 1731 முதல் 1739 வரை எந்த ஆண்டு டெங்காவும். முழு வரிசையிலேயே மிக மலிவான காசு இதுதான், தொடங்குவதற்கும் ஏற்றது.

அடுத்தது ஆறாம் இவான். இரண்டு மாதக் குழந்தையாக 1740 அக்டோபரில் அரியணையில் வைக்கப்பட்டு, 1741 நவம்பரில் எலிசபெத்தால் இறக்கப்பட்டவர். மிச்ச வாழ்நாள் முழுதும் சிறை. 1764இல் ஷ்லிஸ்ஸெல்பர்க் கோட்டையில் கொல்லப்பட்டார். அவர் பெயரும் முகமும் உள்ள வெள்ளிக் காசு அத்தனையையும் காசாலையில் ஒப்படைக்க எலிசபெத் ஆணையிட்டார். கெடு தாண்டி வைத்திருப்பது குற்றம். அதனால் 1741 ரூபிள் மிக அரிதாகி, விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அந்த ரூபிளில் அவர் ‘மூன்றாம் இவான்’ என்றுதான் இருக்கிறார், ஏனென்றால் முதலில் ஜார் பட்டம் சூடிய இவானிலிருந்து எண்ணினார்கள். இது தெரியாமல் ‘தவறான எண், போலி’ என்று ஒதுக்கியவர்களும் உண்டு.

ஆனால் டெங்காவிலும் கால் கோபெக் மதிப்புள்ள பொலுஷ்காவிலும் அவர் பெயர் இல்லை. கழுகும், மதிப்பும், ஆண்டும்தான். பெயர் இல்லாததால் அழிக்கும் காரணமும் இல்லை. ஆகவே 1741 டெங்கா இன்றும் ஒரு சாதாரண செம்புக் காசின் விலைக்குக் கிடைக்கிறது. நம் விதிப்படி இது முழுச் சாட்சி அல்ல: அந்த ஆண்டின் கடைசி ஐந்து வாரம் எலிசபெத்துடையது. 24 இடத்தில் விதியைத் தளர்த்த வேண்டிய ஒரே இடம் இது. அட்டையில் அதைக் குறித்துவிடுங்கள். 8.2 கிராம் டெங்கா, 4.1 கிராம் பொலுஷ்கா, எது நல்ல நிலையில் கிடைத்தாலும் சரி.

எலிசபெத்துக்கு 1759 அல்லது 1760 ஆண்டிட்ட 5 கோபெக். 51 கிராம் செம்பு. கையில் எடுத்தால் எடைக்கல்லைத் தூக்கியது போல இருக்கும். ஒரு பக்கம் இரட்டைத் தலைக் கழுகு, மறு பக்கம் அவர் மோனோகிராம்.

இந்தக் கனமான வட்டுகளின் கதை அடுத்த இரண்டு ஆட்சிக்கும் தொடர்கிறது. மூன்றாம் பீட்டர் ஆறு மாதம் ஆண்டார். ஒரு பூட் செம்புக்கு, அதாவது 16.38 கிலோவுக்கு, 16 ரூபிள் என்றிருந்த கணக்கை 32 ஆக்கினார். எலிசபெத்தின் 5 கோபெக்கை வாங்கி, அதன் மேலேயே முரசும் கொடியும் பொறித்த அச்சை அடித்து 10 கோபெக் ஆக்கினார். அவரை இறக்கிய கேத்தரின் பழைய கணக்குக்கே திரும்பினார். அந்த 10 கோபெக்கின் மேல் மறுபடி அடித்து 5 கோபெக் ஆக்கினார். ஒரே வட்டில் மூன்று ஆட்சி! கேத்தரின் மோனோகிராம் உள்ள, 1762, 1763 காலத்து 5 கோபெக் ஒன்றை மேசை விளக்கின் அடியில் சாய்த்துப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். மாலைக்கும் விளிம்புக்கும் நடுவே, சமதளமாக இருக்க வேண்டிய இடத்தில், முரசின் கயிறு குறுக்கும் நெடுக்கும் ஓடுவது தெரியும். கொடிக்கம்பின் கோடு மோனோகிராமுக்கு அடியில் போய் மறையும். விற்பவர்கள் இதைக் ‘கீறல்’ என்று எழுதி விலையைக் குறைப்பதும் உண்டு. நிழற்படத்தை நேர் வெளிச்சத்தில் எடுத்தால் இது தெரியாது, பக்க வெளிச்சத்தில் ஒரு படம் கேளுங்கள்.

மூன்றாம் பீட்டரின் செம்பில் பெயர் இல்லை, ஆனால் முரசு வடிவமும் 1762உம் சேர்ந்தால் வேறு யாருக்கும் பொருந்தாது. பெரும்பகுதி மறுபடி அடிபட்டுப் போனதால் நல்ல நிலையில் உள்ளது விலை அதிகம். தேய்ந்திருந்தாலும் முரசும் ஆண்டும் தெரிந்தால் போதும் என்று வாங்கலாம்.

கேத்தரினுக்கு எகாத்தரீன்பர்க் காசாலையின் 5 கோபெக். கழுகின் இரு பக்கமும் ஆங்கில இ, எம் போல இரண்டு எழுத்து இருந்தால் அந்தக் காசாலை. நிறைய அடித்தார்கள், மலிவு.

பாவெலுக்கு 2 கோபெக், 20.5 கிராம். கவிழ்ந்த ‘ப’ மீண்டும் வருகிறது, இம்முறை கிரீடத்தோடு, ரோம எண் ஒன்றோடு. 1798 முதல் 1800 வரை எந்த ஆண்டும் சரி. அவருடைய ரூபிளில் முகத்துக்குப் பதில், நான்கு ‘ப’க்களைச் சிலுவையாக வைத்து, மறு பக்கம் பைபிளின் சங்கீதம் 115இன் முதல் சொற்களைப் பொறித்தார்கள்: எங்களுக்கு அல்ல, எங்களுக்கு அல்ல, உம்முடைய நாமத்திற்கே. பணம் இருந்தால் இந்த ஒரு ரூபிளை மட்டும் ஆசைக்கு வாங்கலாம் என்று சொல்வேன்.

முதலாம் அலெக்சாந்தரின் 2 கோபெக்கில் பெயரும் இல்லை, மோனோகிராமும் இல்லை, 13.65 கிராம். 1812 ஆண்டிட்டதைத் தேடுங்கள்: நெப்போலியன் மாஸ்கோவுக்குள் நுழைந்த ஆண்டு, காசும் தாராளமாகக் கிடைக்கும்.

முதலாம் நிக்கோலஸில் ஒரு பொறி. 1839க்குப் பிறகு வந்த செம்பில் மோனோகிராமுக்கு மறு பக்கம் ‘2 கோபெக் வெள்ளியாக’ என்று எழுதியிருக்கும். காசு செம்புதான். நிதி அமைச்சர் கான்கிரின், காகிதப் பணத்தில் மூன்றரை ரூபிளை ஒரு வெள்ளி ரூபிளுக்குச் சமம் என்று கட்டியபோது, இந்தக் காசு எந்தக் கணக்கில் என்று காட்டப் பொறித்த சொல் அது. மொழிபெயர்ப்புச் செயலியில் படம் பிடித்துப் பார்த்து, செம்பை வெள்ளி என்று நம்பி வாங்குகிறார்கள். கறுத்துப்போன வெள்ளி என்று விற்பவர் சொன்னால் அங்கே வாங்க வேண்டாம். 1825இன் கான்ஸ்தந்தீன் ரூபிளையும் யாராவது காட்டக்கூடும். அரியணையைத் துறந்த அந்த இளவரசர் பெயரில் இருப்பவை சோதனைக்காக அடித்த ஒரு சில காசுகள்தான். கடையில் கிடைப்பது நகல்.

கடைசி மூன்று பேருக்கு எளிய வழி அரைக் கோபெக். 1867இலிருந்து 5, 3, 2, 1 கோபெக்கில் எல்லாம் கழுகுதான். யாருடையது என்று ஆண்டைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஆனால் அரைக் கோபெக்கிலும் கால் கோபெக்கிலும் மோனோகிராம் தொடர்ந்தது. அரைக் கோபெக் 1.64 கிராம், 16 மில்லிமீட்டர். அலெக்சாந்தர்கள் இருவருக்கும் ஒரே முதலெழுத்து என்பதால் ரோம எண்ணை லென்ஸில் எண்ண வேண்டும். மூன்றில் ஒரு கோடு தேய்ந்து இரண்டாகத் தெரிந்தால் ஆண்டு காப்பாற்றும்.

வெள்ளி ரூபிள் வாங்கியே தீர வேண்டும் என்றால்

எடையும் விளிம்பும் மட்டும் போதாது, அடர்த்தியைப் பாருங்கள். தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூஜ்யமாக்கி, மெல்லிய நூலில் காசைக் கட்டி, அடியையும் சுவரையும் தொடாமல் முழுதாக மூழ்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி. 1886க்குப் பிறகு வந்த 900 தர (ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி) ரூபிள் 20 கிராம், தராசு 1.94 கிராமை ஒட்டிக் காட்ட வேண்டும். கேத்தரினின் 750 தர ரூபிள் 24 கிராம், 2.39 வர வேண்டும். நிக்கல் செம்புப் போலி 20 கிராமில் செய்திருந்தால் 2.25 காட்டும், உடனே மாட்டிக்கொள்ளும். காசில் ஒட்டிய காற்றுக் குமிழி எண்ணை ஏற்றிக் காட்டும் என்பதால் மூழ்கியதும் நூலை இரண்டு தரம் தட்டுங்கள். கம்பிக் காசுக்கு இந்தச் சோதனை உதவாது, 0.4 கிராம் வெள்ளி தள்ளும் தண்ணீர் 0.04 கிராம், தராசின் பிழையே கால்வாசி ஆகிவிடும். கடைசி ரூபிள்களின் விளிம்பில் ‘சுத்த வெள்ளி 4 ஸொலொத்னிக் 21 தோலியா’ என்று பழைய ரஷ்ய எடை அளவுகளில் எழுத்து ஓடும். இரண்டு நட்சத்திரம் இருந்தால் அது பிரஸ்ஸல்ஸில் அடித்தது, பிழை அல்ல.

இணைய ஏலத்தில் வாங்கும்போது, ஏலம் முடிந்த விலைக்கு மேல் ஏலக்கூடக் கட்டணம் சேரும் என்பதைக் கணக்கில் வைத்துக் கேளுங்கள். ரஷ்யாவிலேயே வாங்கி எடுத்துவர நினைத்தால், 100 ஆண்டு தாண்டிய காசுக்கு அரசு அனுமதி வேண்டும். வெளியே வந்துவிட்ட காசை ரசீதோடு வாங்குவது நிம்மதி.

வந்த காசைத் தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, பித்தளைப் பொடி எதுவும் வேண்டாம். இருநூறு ஆண்டில் படிந்த பழுப்பை அமிலம் ஐந்து நிமிடத்தில் தின்றுவிடும். இளஞ்சிவப்புச் செம்பு தெரியும், மதிப்பு போய்விடும். மண் இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு நாள் ஊறவிட்டு, மூங்கில் பல்குத்தியால் மெதுவாக எடுங்கள். துடைத்தாலும் திரும்பத் திரும்ப வரும் வெளிர்பச்சைப் பொடி வேறு சங்கதி: அது குளோரைடு செம்பைத் தின்பது. அந்தக் காசை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, 5 சதவீத சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசலில் வாரக் கணக்கில் ஊறவைத்து, வாரம் ஒருமுறை கரைசலை மாற்ற வேண்டும். பிறகு வடிநீரில் அலசி நன்றாக உலர்த்த வேண்டும்.

மென்மையான, பிளாஸ்டிக் வாசனை அடிக்கும் பிவிசி உறைகள் ஓரிரு ஆண்டில் காசின் மேல் பச்சைப் பிசினைப் படியவிடும். மைலார் (பாலியெஸ்டர்) உறை வாங்குங்கள். கடலோர ஊர்களில் காசை வைக்கும் அட்டை ஹோல்டரின் இரும்புப் பின் துருப்பிடித்துக் காசில் கறை இறக்கும், பின் இல்லாமல் ஒட்டும் ஹோல்டரே மேல். கம்பிக் காசு வட்ட ஜன்னலில் நிற்காமல் சரியும்; சின்ன மைலார் உறைதான் அதற்கு. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

ஒவ்வொரு உறையிலும் அட்டை வையுங்கள்: ஆட்சியாளர், ஆட்சிக் காலம், காசு, ஆண்டு, காசாலை, எடை, சாட்சி எது என்பது. ஆட்சித் தேதியை அக்கால ரஷ்யாவின் ஜூலியன் நாட்காட்டிப்படி எழுதுங்கள். எலிசபெத் இறந்தது அதன்படி 1761 டிசம்பர் 25, நம் நாட்காட்டிப்படி 1762 ஜனவரி 5. இரண்டையும் கலந்தால் ஆண்டே மாறிவிடும்.

இரண்டாம் நிக்கோலஸின் அரைக் கோபெக்கை வைத்ததும் வரிசை முடிகிறது. அப்போது பெரும்பாலும் யாராவது 1917 என்று போட்ட 10 அல்லது 15 கோபெக் வெள்ளியைக் காட்டி, இதுதானே கடைசி ஜாரின் கடைசிக் காசு என்பார்கள். அதில் பழைய கழுகு இருக்கிறது. பெயரும் இல்லை, மோனோகிராமும் இல்லை. நிக்கோலஸ் அந்த ஆண்டு மார்ச் 2ஆம் தேதியே அரியணையைத் துறந்துவிட்டார். ஆறாம் இவானின் டெங்காவுக்கு ஆண்டின் பெரும்பகுதி அவர் பக்கம் இருந்தது. இங்கே பத்து மாதம் எதிர்ப்பக்கம். அரிய காசுதான், கிடைத்தால் வாங்குங்கள், ஆனால் 25ஆவது உறையில், ஆட்சியாளர் என்ற இடத்தைக் காலியாக விட்டு.